மலைக்கு நிகழ்ச்சி எடுக்க வரும் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் இருந்து தேயிலை, பிஸ்கட், சவர்க்காரம், பால்மா, போன் கனெக்‌ஷன் விற்கும் கம்பனிகளின் விளம்பரப் பிரிவினருக்கும், அவர்களுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

ஹட்டன் பக்கத்தில் படப்பிடிப்புக்கு இடம் காட்டி, ஆள் சேர்த்து, வேன் பிடித்து, சாப்பாட்டுப் பார்சலுக்கும் சொல்லிக் கொடுக்கிற வேலை என்னுடையது. முன்பெல்லாம் உங்களிடம் இருந்து வரும் அழைப்பு ஒரே மாதிரித்தான் இருக்கும். முப்பது செக்கன் விளம்பரம், பனிமூட்டம் வேண்டும், பச்சை வேண்டும், சிரிக்கிற மாதிரி நாலைந்து பெண்கள் வேண்டும். இப்போது பேச்சு மாறிவிட்டது. "விளம்பரம் இல்லை தம்பி, நாங்களே ஒரு நிகழ்ச்சி செய்கிறோம். யூடியூபிலும் போகும், டிவியிலும் போகும்" என்கிறீர்கள். ஒருவருக்குச் சமையல் பயணம், ஒருவருக்குக் குடும்ப நாடகம், இன்னொருவருக்குப் பாட்டுப் போட்டி. எதுவானாலும் மலைநாட்டில் எடுக்க வேண்டும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போகிற காட்சி கட்டாயம் வேண்டும்.

தாராளமாக வாருங்கள். நான் தடுக்கிற ஆள் இல்லை, என் வீட்டு அடுப்பும் இதில்தான் எரிகிறது. ஆனால் உங்கள் கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் எடுக்கிற நிகழ்ச்சியை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் பார்ப்பார்களா? அதில் அவர்கள் வருவார்கள், அது தெரியும். அவர்களை வைத்துத்தானே எடுக்கிறீர்கள். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்களா என்பதுதான் என் கேள்வி.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. விளம்பரத்தை இப்போது யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? யூடியூபில் வந்தால் ஐந்து செக்கனில் தள்ளிவிடுகிறார்கள். டிவியில் வந்தால் சோற்றுப்பானையைப் பார்க்க எழுந்து போகிறார்கள். மற்றவன் நிகழ்ச்சிக்கு நடுவில் இடம் வாங்கிக் கத்துவதைவிட, சனங்கள் தேடிவந்து பார்க்கிற நிகழ்ச்சியே நம்முடையதாக இருந்தால் என்ன என்று யோசிக்கிறீர்கள். விளம்பர நேரத்துக்குக் கொடுத்த காசு அன்றோடு போய்விடும். சொந்த நிகழ்ச்சி என்றால் வெட்டி ஒட்டி, துண்டு துண்டாகப் போனில் விட்டு, வருசக் கணக்கில் ஓட்டலாம். கணக்குச் சரிதான்.

அது புதுக் கணக்கும் இல்லை. அமெரிக்காவில் பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சவர்க்காரக் கம்பனி 1933இலேயே வானொலித் தொடர்நாடகத்தில் இறங்கிவிட்டது. பகலில் வீட்டுவேலை செய்துகொண்டே பெண்கள் கேட்கட்டும் என்பது திட்டம். பிறகு தொலைக்காட்சி வந்ததும் அங்கேயும் சொந்தமாக நாடகம் தயாரித்தது. அதன் கடைசித் தொடர் முடிந்தது 2010இல். எழுபது வருசத்துக்கு மேலாக ஒரு சவர்க்காரக்காரன் கதை சொல்லியே சவர்க்காரம் விற்றிருக்கிறான். ரெட் புல் 2007இல் தனக்கென்று ஊடக நிறுவனமே ஆரம்பித்தது. 2012 ஒக்டோபரில் பெலிக்ஸ் பௌம்கார்ட்னர் என்பவர் ஏறத்தாழ 39 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து குதித்ததை உலகமே நேரடியாகப் பார்த்ததற்குக் காசு போட்டதும் அந்தப் பானக் கம்பனிதான்.

எங்கேயோ அமெரிக்காவுக்குப் போவானேன்? 1952இல் கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவை அடைத்தபோது, பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட இந்தியா இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பியது. அந்தக் காதுகளைத் தேடி இந்தியக் கம்பனிகளின் காசும் கொழும்புக்கு வந்தது. பினாக்கா என்ற பற்பசையின் பெயரில் அமீன் சயானி நடத்திய இந்திப் பாட்டு வரிசை அந்த வருசம்தான் தொடங்கியது. பம்பாயில் பதிவுசெய்த நாடா இங்கே வந்து, இங்கிருந்து காற்றில் போகும். தமிழ்ச் சேவையிலும் நடந்தது இதுதான். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்த வீடுகளில் நிகழ்ச்சியின் பெயரோடு விளம்பரதாரரின் பெயரும் சேர்ந்தே மனப்பாடம். யாருக்கும் அது உறுத்தவில்லை. கடைக்காரன் காசு போட்டான், நமக்குப் பாட்டுக் கிடைத்தது. இன்னார் வழங்குகிறார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டதால் ஒளிவுமறைவும் இல்லை. மலையில் வேலை முடிந்து வந்து ரேடியோவைத் திருகியவருக்கும், கொழும்பில் பங்களாவில் இருந்தவருக்கும் அந்த நிகழ்ச்சி ஒரே மாதிரிக் கேட்டது.

இப்போது எடுக்கிற விதத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், ஒரு தேயிலை நிறுவனம் தன் சொந்த நிகழ்ச்சிக்காகத் தோட்டமொன்றுக்கு வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முன்பே வேன்கள் வந்து நின்றுவிட்டன. பெண்கள் எப்போதும் மலைக்குப் போகிற கோலத்தில் வந்தார்கள். வீட்டுக்காரரின் பழைய நீளக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றிப் படங்கு, அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை சாக்ஸ், முதுகில் நைலோன் பை. கூடையைத் தூக்கிச் சுமந்த காலம் பல தோட்டங்களில் போய்விட்டது, பைதான் பாரம் இல்லை. கொழும்பில் இருந்து வந்த பெண்பிள்ளை அந்தப் பையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது. பிறகு வேனில் இருந்து இறங்கின, வார்னிஷ் வாசம் போகாத புத்தம்புதுப் பிரம்புக் கூடைகள். சிவப்பிலும் மஞ்சளிலும் சேலைகள். கூடை நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக அடியில் பத்திரிகைத் தாள்களைத் திணித்து, மேலே நாலு பிடி கொழுந்தைப் போட்டார்கள்.

மலையில் ஏறிய பிறகு "மெதுவாகப் பறியுங்கள் அம்மா" என்று சொன்னார்கள். மெதுவாகப் பறிக்க அவர்களுக்கு வராது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், கை இந்தச் செடியில் இருக்கும்போதே கண் அடுத்த செடிக்குப் போய்விடும். அப்படிப் போனால்தான் அன்றைக்குச் சொன்ன கிலோ வரும். கமராவுக்கோ இரண்டு இலையும் ஒரு மொட்டும் தனியாகக் கிள்ளி, முகத்துக்கு நேராகப் பிடித்து, அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நிரையில் கடைசியில் நின்ற ஒரு அக்கா, "கொழுந்தப் பாத்துச் சிரிச்சா கங்காணி என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாரு" என்றார். நிரை முழுக்கச் சிரித்துக் குலுங்கியது. கமராக்காரர் அப்போது லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். கமராவுக்கு முன்னால் நின்றவர்களுக்குக் கிலோ குறைந்து போயிருந்தது. செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கணக்கப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, தராசு காட்டியதை எழுதினார். நிறுவனம் கொடுத்தது ஆளுக்கொரு சாப்பாட்டுப் பார்சலும் ஆளுக்கொரு தேயிலைப் பக்கெட்டும். கொழும்பில் இருந்து வந்து கொழுந்துக்காரியாக நின்ற மொடல் அழகிக்குத் தனிக் கணக்கு, அது என் கையால் போகவில்லை.

நிகழ்ச்சி வெளிவந்தது அங்கே யாருக்கும் தெரியாது. மாதங்கள் போய், ஓஎல் படிக்கிற பையன் ஒருவன் போனில் தட்டுப்பட்டது என்று கொண்டுவந்து காட்டினான். ஆங்கிலத்தில் ஒருவர் பேசிக்கொண்டு போகிறார். நாலைந்து பேர் கூடி, "இந்தா நம்ம மாரியாயி" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அப்புறம் போனைக் கொடுத்துவிட்டு, சன் டிவி சீரியலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்கள். அவர்கள் கோபப்படவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அது அவர்களுடைய விசயமாகவே படவில்லை.

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை என்பதும் தெரியும். தாமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் வந்து தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கிய பிறகு, தோட்டத்தில் இருந்து நேரே கேத்தலுக்கு என்று சொல்லித்தான் விற்றார். கொழுந்துக்காரப் பெண்ணின் படம் அந்தக் காலத்தில் இருந்தே தேயிலை விளம்பரத்தில் இருக்கிறது. அப்போது அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். இப்போது படத்தில் இருப்பவரின் கையிலேயே போன் இருக்கிறது. ரீலோட் போடுகிறார். பிஸ்கட் வாங்குகிறார், பிள்ளைக்குப் பால்மா வாங்குகிறார், சவர்க்காரம் வாங்குகிறார். சம்பளம் கொடுத்த மறுநாள் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ டவுனில் வந்து நின்று பாருங்கள், யார் உங்கள் வாடிக்கையாளர் என்று தெரியும். அவர்களுக்கு விற்கிற சாமானுக்குக்கூட அவர்களைப் பின்னணியில் நிறுத்தி வேறு யாருக்கோ கதை சொன்னால் அது எந்த ஊர் வியாபாரம்?

நாடகம் எடுக்கிறவர்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். காசு போடுகிறவன் கதையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நடந்த விசயம் சொல்கிறேன். 1959இல் அமெரிக்காவில் சீபிஎஸ் தொலைக்காட்சியில், நியூரம்பர்க்கில் நாத்சிகள் மேல் நடந்த வழக்கைப் பற்றி ஒரு நாடகம் போனது. அதன் விளம்பரதாரர்களில் அமெரிக்க எரிவாயுச் சங்கமும் இருந்தது. சமைக்க எரிவாயு நல்லது என்று வீட்டுக்காரிகளுக்குச் சொல்ல வந்தவர்கள் அவர்கள். வதைமுகாமில் வாயு அறைகளில் மக்களைக் கொன்றதைப் பாத்திரங்கள் பேசும்போது, வாயு என்ற சொல் வருகிற இடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. லட்சக் கணக்கானவர்கள் செத்த கதையில், அடுப்பு விற்பனைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதுதான் அங்கே பெரிதாகப் பட்டது.

தேயிலைக் கம்பனி எடுக்கிற தோட்டத்துக் குடும்ப நாடகத்தில் எந்த இடத்தில் சத்தம் நிற்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், சம்பளம் என்று வருகிற இடத்தில். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா, ஆயிரம் ரூபா என்று வருசக் கணக்கில் ரோட்டில் நின்று, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அது வந்த பிறகும் கிலோவைக் கூட்டி, நாளைக் குறைத்து என்று இழுபறி தொடர்ந்தது. சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு தோட்டத்துக் குடும்பம் ஒரு நாளையும் கடத்தாது. நகைக்கடையில் அடகு, கொழும்பில் கடையில் நிற்கிற மகன், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா அறையில் கல்யாணம் கட்டி வந்த மருமகள் எங்கே படுப்பது என்ற பேச்சு, எல்லாம் அதில் இருந்து கிளம்புவதுதான். அதை எடுத்துவிட்டால் உங்கள் நாடகத்தில் மாமியாரும் மருமகளும் எதற்காகச் சண்டை பிடிப்பார்கள்? நெக்லஸுக்காகவா?

உங்களுக்கு எதிராக நீங்களே படம் எடுங்கள் என்று கேட்கிற அளவுக்கு நான் விவரமில்லாதவன் இல்லை. கேட்பது இதுதான். பேச முடியாத விசயத்தைச் சுற்றி நாடகம் எடுக்காதீர்கள். தேயிலை விற்கிறவர் தேயிலை மலைக்கு வராமல் இருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். குடும்ப நாடகத்தைச் சவர்க்காரக்காரரிடம் விட்டுவிடுங்கள், அவருக்குச் சம்பளப் பேச்சால் நட்டம் இல்லை. தேயிலைக்காரர் வேறு ஏதாவது எடுக்கட்டும்.

என்ன எடுப்பது என்றா கேட்கிறீர்கள்? கோக் ஸ்டூடியோவைப் பாருங்கள். 2008இல் பாகிஸ்தானில் தொடங்கி, தமிழுக்கு 2023இல் வந்தது. அதில் சோடாவின் ருசியைப் பற்றி யாரும் பாடவில்லை. பாட்டுக்காரர்களைப் பாட விட்டார்கள். தமிழில் வந்த முதல் வருசமே ராப் பாடகர் அறிவு அதில் பாடினார். அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. தோட்டத்தில் இருந்து போன ஒருவரின் பேரனைப் பாடவைக்கச் சோடாக் கம்பனிக்குத் தோன்றியிருக்கிறது. தோட்டத்திலேயே இருக்கிறவர்களின் பேரப்பிள்ளைகளும் பாடுகிறார்கள், தப்புப் பறை அடிக்கிறார்கள், போனிலேயே ராப் பதிந்து போடுகிறார்கள். தேடிப்போக யாரும் இல்லை.

மன்மதன் எரிந்த கதையைத் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தை எடுங்கள். நீங்கள் பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம் என்று தலையை உடைத்துக்கொள்கிறீர்கள், அது ஏற்கெனவே தொடர்தான். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவதில் இருந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கிற வரைக்கும் ராத்திரி ராத்திரியாக நடக்கும். ரதியும் மதனும் வீடு வீடாக ஆடிவருவார்கள். தூதன் வருவான். வீரபத்திரன் வருவான், எமன் வருவான். பகலில் கவ்வாத்து வெட்டிய கை ராத்திரி அரிதாரம் பூசிக்கொள்ளும். ரதி வேசம் கட்டுகிற பையனுக்கு யார் சேலை கொடுப்பது என்பதில் ஒரு கலாட்டா, தப்புக் காய்ச்சுகிறவரோடு கமிட்டிக்கு ஒரு பிணக்கு, கொழும்பில் வேலை செய்கிற மதனுக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று கடைசி வரைக்கும் ஒரு தவிப்பு. இதைவிட என்ன கதை வேண்டும்? காசு போடுகிறவர் பெயரைச் சொல்வதும் அங்கே புதிதில்லை. டவுன் கடை முதலாளி அரிசி மூட்டை கொடுத்தால் கூத்து நடுவிலேயே பெயர் சொல்லி வாழ்த்துப் பாடுவார்கள். உங்கள் பெயரையும் பாடட்டும். ஆனால் கூத்தைச் சுருக்கச் சொல்லாதீர்கள், எமனுக்குப் பதில் உங்கள் பால்மாப் பக்கெட்டை ஆடவிடாதீர்கள்.

அதுவும் ஒத்துவராவிட்டால் கணக்குப் பாடம் நடத்துங்கள். தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத குறை எல்லாரும் அறிந்தது. 2020இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது டிவியில் பாடம் நடத்திக் காட்டினார்கள்தானே. நல்ல வாத்தியார் ஒருவரைப் பிடித்து, ஓஎல் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணித்தியாலம், பொழுது சாய்ந்த பிறகு. உங்கள் பெயரைக் கரும்பலகையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பாஸ் பண்ணினால் சாகும் வரை அந்தப் பெயரை மறக்காது.

பெயரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2011இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குள் காசுக்குச் சாமான் காட்ட அனுமதி கொடுத்தபோது, தொடக்கத்திலும் முடிவிலும் விளம்பர இடைவேளை முடிந்து வரும்போதும் 'பி' எழுத்துப் போட்ட அடையாளம் காட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். இங்கே யாராவது விதி வைக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போடலாம். கொட்டை எழுத்தில், தமிழில், முதலிலேயே. முக்கியமாகப் பிள்ளைகள் பார்க்கிற நிகழ்ச்சியில். கதாநாயகி மூன்று தடவை ஒரே பிஸ்கட்டைச் சாப்பிடும்போது எங்கள் வீட்டுச் சின்னதுக்கே விளங்கிவிடுகிறது, பிறகு எதற்கு ஒளித்து விளையாட வேண்டும்?

வசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, கொழும்பில் ஒருவரிடம் கொடுத்துத் தமிழாக்கி, அதை இங்கே கொண்டுவந்து "உங்கள் பாணியில் பேசுங்கள்" என்று எங்கள் ஆட்களிடம் நீட்டுகிறீர்கள். அதை யாராலும் பேச முடியாது. ஆட்கள் திக்கித் திணறுகிறார்கள், பிறகு "இவர்களுக்கு நடிப்பு வராது" என்று கொழும்பில் இருந்து நடிகரைக் கூப்பிடுகிறீர்கள். அவரோ தோட்டத்து ஆள் என்றால் கோமாளி மாதிரி இழுத்து இழுத்துப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார். எழுதுவதற்கே இங்கே ஆள் இருக்கிறது. பத்திரிகைக்குக் கதை எழுதுகிற வாத்திமார், தோட்டத்து மேடை நாடகம் போடுகிற பொடியன்கள், பேராதனையில் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள். முதல் வரியில் இருந்து அவர்களை உட்கார வைத்துக் காசு கொடுத்து எழுதுவியுங்கள்.

அடுத்த தடவை என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு என் நிபந்தனைகளை இப்போதே சொல்லிவைக்கிறேன். கதையையும் வசனத்தையும் ஒரு கிழமைக்கு முன்னால் தமிழில் அனுப்ப வேண்டும், படத்தில் வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் யாரையும் கொண்டுவந்து நிறுத்த மாட்டேன். வேலைநாளில் எடுத்தால் முழுப்பேர்ச் சம்பளம் கையில் வர வேண்டும், கமராவுக்கு முன் நின்றதற்கான காசு அதற்கு மேலே, அதே நாள் பின்னேரம். ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் எல்லாருக்கும் வசதி. சேலையும் கூடையும் கொண்டுவராதீர்கள். முகத்தைப் போஸ்டரில் போடுவதானால் அதற்குத் தனியாகக் கேட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும், நிகழ்ச்சிக்குக் கைநாட்டு வைத்தது அதற்குச் செல்லாது.

கடைசியாக ஒன்று. முதல் பாகம் கொழும்பு ஹோட்டலில் வெளியாகிறதற்கு முந்தின நாள், எடுத்த தோட்டத்தின் கோயில் முற்றத்தில் போட்டுக் காட்ட வேண்டும். ப்ரொஜெக்டர் ஹட்டனில் வாடகைக்குக் கிடைக்கும், திரை நான் கட்டித் தருகிறேன், கரண்டுக்குக் கோயில் கமிட்டியிடம் பேசுவதும் என் பொறுப்பு. எழுதியவரும் எடுத்தவரும் மார்க்கெட்டிங் மெனேஜரும் கட்டாயம் வந்து சனத்தோடு உட்கார வேண்டும். ஏழு மணிக்கு ஆரம்பிப்போம், மழைக்காலமென்றால் குடை கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்தில் இருந்து
உங்களுக்கு இடம் காட்டுகிற ஒருவன்